‘போலே தாஹான்’ என்று சொன்ன வாய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு கையில் பிடித்ததெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற உளியும் வாளியும், அப்புறம் துடைப்பமும்தான். எழுத்துப் பிழை இருக்கும். முன்னால் நடந்தது பின்னால் வரும். மறதி வேறு. ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரிக்கு என்ன நினைத்து வைத்தேன் என்று தேட வேண்டியிருக்கிறது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். அந்தக் கோபத்துக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

எனக்கு உடம்பு வலிக்கிறது. எங்கே என்று கேட்டால் ஒரு இடத்தைக் காட்ட முடியாது. அதுதான் என் பிரச்சினையே. கழுத்துக்குக் கீழே, தோள்பட்டை, முழங்கை, இடுப்பில் இரண்டு பக்கமும், முட்டிக்கு உள்பக்கம். இன்றைக்கு ஒரு இடத்தில் கூடுதலாக இருக்கும், நாளைக்கு அது இறங்கி வேறு இடத்தில் ஏறும். காலையில் எழும்போது விடிய விடியக் காண்டா தூக்கியவள் மாதிரி எழுகிறேன். காண்டா என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இரண்டு முனையிலும் பால் வாளியை மாட்டித் தோளில் சுமக்கிற கம்பு. அதையெல்லாம் இறக்கி வைத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போது என் தோளில் இருப்பது நைட்டியின் தையல் மட்டும்தான். அந்தத் தையலே வலிக்கிறது. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து கட்டிப் பிடிப்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

வலியைக்கூடச் சொல்லிவிடலாம். களைப்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தூங்கி எழுந்தாலும் தூங்காதவள்தான். வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் பாதியில் கை மடியில் விழுந்துவிடும். அதைத் தூக்கி மறுபடி வேலையில் வைக்க வேண்டும், ஏதோ அது வேறு யாருடைய கையோ மாதிரி. அதோடு மூளையும் மங்கிப் போகிறது. ஒரு நாள் மருமகளிடம் கரண்டி கேட்க வேண்டும். கரண்டி என்ற சொல் வரவே இல்லை. “அதக் குடும்மா, அந்தக் கிண்டுறதக் குடு” என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கரண்டி, கரண்டி என்று அன்றைக்கு முழுக்க மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நான் இருப்பது பாடாங் செராய் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில், மகன் வீட்டில். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பிறந்து வளர்ந்து வேலை செய்த தோட்டத்தை விற்று, ரப்பர் மரத்தையெல்லாம் சாய்த்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்களில் சிலர் சிடாம் கிரி பக்கம் போனார்கள், சிலர் இங்கே வந்தோம். வந்த பிறகு ஒரு தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தேன், முடிகிற வரைக்கும். இதில் கதை ஒன்றும் இல்லை. எங்கள் வயதுப் பெண்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய இதே வாழ்க்கைதான்.

கிளினிக்குக்குப் போகாமல் இல்லை. போனேன், பலமுறை போனேன். ஒவ்வொரு தடவையும் வேற வேற டாக்டர், எல்லாரும் சின்ன வயது. ரத்தம் எடுப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். பிறகு சிரித்த முகமாகச் சொல்வார்கள்: “ஆன்ட்டி, டாரா ஓகே. எக்ஸ்ரே ஓகே. பியாசா லா, உமுர்.” ரத்தம் நன்றாக இருக்கிறது, இது சாதாரணம், வயதாகிவிட்டது. காய்ச்சலுக்குத் தருகிற அதே வெள்ளை மாத்திரையைத் தருவார்கள். நானும் “தெரிமா காசி, டாக்டர்” என்று கும்பிடு போட்டுவிட்டு வெளியே வருவேன். இப்போது அந்த நன்றியை நினைத்தால் எனக்கு எரிகிறது. எதற்கு நன்றி? ரத்தம் நன்றாக இருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுமா?

போன திருவிழாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தோட்டம் போனாலும் எங்கள் மாரியம்மன் கோயில் செம்பனைக்கு நடுவில் இன்னும் நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பழைய ஆட்கள் குடும்பத்தோடு காடியில் வந்து இறங்குவார்கள். அன்னதானத்துச் சாம்பார் பல வருஷமாக என் பொறுப்பு. அன்றைக்கு என்ன அதிசயமோ, உடம்பு லேசாக இருந்தது. அப்படி ஒரு நாள் எப்போதாவது வரும். வந்தால் நான் அதை வீணாக்க மாட்டேன். பலகையைப் போட்டு உட்கார்ந்து பூசணிக்காயை வெட்டித் தள்ளினேன்.

பக்கத்தில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் வம்புக்கு இழுத்தாள். “அக்கா, பூசணிக்காயத்தான் வெட்டுறீங்களா, யாரையாவது நெனச்சு வெட்டுறீங்களா?”

“நெனச்சு வெட்டுனா இந்த ஒரு காய் பத்தாதுடி” என்றேன்.

அடுப்படியே சிரித்தது. அண்டாவை இறக்க ஒரு கை குறைந்தது, அதையும் பிடித்தேன். நான் பழைய ஆளாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. கழிவறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். மகன் குலிமில் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். வேலை முடிந்து வந்தவன், கழுத்தில் தொங்குகிற அட்டையைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்றான்.

“கோயில்ல அண்டா தூக்க முடியுது. வீட்டுல ஒரு தட்டு கழுவ முடியல. என்னம்மா இது, நாள் பாத்து வர்ற நோயா?”

அவன் கெட்டவன் இல்லை. அவனும் களைத்துப் போய் வந்தவன்தான். ஆனால் அந்தக் கேள்வி என் நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது. அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஒன்னும் இல்லப்பா. செத்த நேரம் படுத்தா சரியாயிரும்.” இதுதான் சொன்னேன். ஒன்றும் இல்லை என்று நானே சொன்னேன்.

அடுத்த நாள் என் நாத்தனார் தைலம் எடுத்துக்கொண்டு வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை, இரண்டு வரிசை தள்ளித்தான் அவள் வீடு. தைலத்தைத் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

“அண்ணி, நான் சொன்னா கோவிச்சுக்காதீங்க. நீங்க பத்தியம் இருக்கல. புள்ள பெத்த பச்ச ஒடம்போட பால் வெட்டப் போனீங்க. காத்து பூந்துருச்சு. அது இப்பத்தான் வேலையக் காட்டுது.”

இதை அவள் மட்டும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவும் அதையேதான் சொல்கிறார், பந்தாங் இருக்கவில்லை, ஆங்கின் ஏறிவிட்டது என்று. இந்த நாட்டில் ஒரு கிழவிக்கு எங்கே வலித்தாலும் குற்றம் அவள் பிள்ளை பெற்ற வீட்டில் போய் நிற்கும். என் மகன் ஐம்பதை நெருங்குகிறான். அந்தக் காற்று இத்தனை வருஷம் எங்கே ஊர் சுற்றிக்கொண்டிருந்தது?

நான் பெரும்பாலும் நாத்தனாருக்குப் பதில் சொல்ல மாட்டேன். அன்றைக்கு வாய் தானாகத் திறந்தது.

“பச்ச ஒடம்போட போகச் சொன்னது யாரு? ஒங்கம்மா தானே? ‘போகலேன்னா ஒன் நெரைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க’ன்னு உளியக் கையில குடுத்தது யாரு?”

நிரை என்றால் ஒருத்தர் வெட்டுவதற்கென்று பிரித்துக் கொடுத்த மர வரிசை. நல்ல நிரை கை மாறிப் போனால் திரும்ப வராது.

“செத்தவங்கள ஏன் இழுக்குறீங்க அண்ணி?”

“நான் இழுக்கல. நீதான் கூட்டியாந்து ஒக்கார வச்ச.”

அவள் தைலப் புட்டியை மூடிக்கொண்டு போய்விட்டாள். தோளில் பாதிதான் தேய்த்திருந்தாள்.

இதற்குப் பிறகு ஒரு நாள் மாத்திரை வாங்கக் கிளினிக்கில் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு முஸ்லிம் அம்மா, தமிழ்க்காரர். சுங்கை பட்டாணியில் வீட்டுக்காரர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாராம், இப்போது இந்தப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறாராம். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். கையோடு ஒரு சின்னத் தலையணை கொண்டு வந்திருந்தார். நான் நாற்காலியில் நெளிவதைப் பார்த்துவிட்டு அதை என் பக்கம் தள்ளினார்.

“இடுப்பா?”

“எல்லாந்தாம்மா.”

“எல்லாமா? லேசா தொட்டாலும் வலிக்குதா? தூங்கி எந்திரிச்சாலும் அசதியா?”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

“எனக்கும் அப்பிடித்தான் அக்கா. எங்க வீட்டுல எனக்கு ‘நாளைக்கு’ன்னு பேரே வச்சுட்டாங்க. எதக் கேட்டாலும் நாளைக்குச் செய்யிறேன்னு சொல்வேனாம். பேரப் புள்ளைங்ககூட ‘நாளைக்குப் பாட்டி’ன்னு கூப்புடும்.” சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். “அலோர் ஸ்டார்ல ஒரு டாக்டரம்மா பாத்துச் சொன்னாங்க. ஃபைப்ரோமயால்ஜியாவாம்.”

“என்ன யா?”

“ஃபைப்ரோமயால்ஜியா. சொல்லிச் சொல்லிப் பழகணும். எனக்கே ஒரு மாசம் ஆச்சு.”

நான் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவர் இரண்டு மூன்று தடவை திருத்தினார், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பது மாதிரி.

“இதுக்கு ரத்தத்துல ஒன்னும் தெரியாதாம் அக்கா. எக்ஸ்ரேலயும் தெரியாதாம். நம்ம வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு. நீங்க உள்ள போனா என்ன சொல்வீங்க?”

“வலி எப்படி இருக்குன்னு கேப்பாங்க. போலே தாஹான்னு சொல்வேன்.”

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். “அல்லாவே! தாங்கிக்கலாம்னு நீங்களே சொல்லிட்டா அப்புறம் டாக்டர் என்ன செய்வாரு? அடுத்த நம்பரக் கூப்புடுவாரு. தாங்க முடியலன்னு சொல்லுங்கக்கா. வெக்கப்படாதீங்க.”

என் நம்பரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனேன். டாக்டர் கணினியைப் பார்த்தபடி கேட்டார், “ஆன்ட்டி, சாக்கிட் மாச்சாம் மானா?” வலி எப்படி இருக்கிறது என்றுதான்.

“போலே தாஹான், டாக்டர்” என்றேன்.

ஆமாம். அந்த அம்மா அவ்வளவு சொல்லியும், அவருடைய தலையணைச் சூடு இன்னும் முதுகில் இருக்கும்போதே, மறுபடியும் அதையேதான் சொன்னேன். மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வீட்டுக்கு வந்து படுத்தால் கோபத்தில் கண் மூட முடியவில்லை. இந்தச் சொல் என் வாயில் யார் வைத்தது?

யோசித்துப் பார்த்தேன். சொல் மலாய், தொழிற்சாலையில் கற்றுக்கொண்டது. வாளியும் துடைப்பமுமாக நிற்கும்போது மேற்பார்வைக்காரர் முடியுமா என்று “ஆன்ட்டி, போலே?” என்பார், நாங்கள் “போலே, போலே தாஹான்” என்போம். ஆனால் பழக்கம் அதற்கும் முந்தியது, தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் வந்தது. பெரட்டு என்றால் விடியும் முன்னால் எல்லாரும் வரிசையில் நின்று பெயர் கொடுக்கிற இடம். அங்கே எங்களை வேலை வாங்குகிற தண்டல் வந்து “என்னா, முடியுமா?” என்று கேட்பார். முடியும் என்பதைத் தவிர வேறு பதிலே கிடையாது. முடியாது என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸரிடம் போய்ச் சீட்டு வாங்கி வர வேண்டும். டிரஸர் என்ன செய்வார்? காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குச்சியைக் கக்கத்தில் வைப்பார். சூடு ஏறினால் நோய். ஏறாவிட்டால் வேலைக்குப் போ. வலி என்று ஒரு நோய் அந்த ஆஸ்பத்திரியில் இல்லவே இல்லை.

அதற்காகக் கக்கத்தில் வெங்காயம் வைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. வெங்காயம் வைத்தால் சூடு ஏறும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு தடவை என்னோடு நிரை வெட்டுகிறவள் இடுப்பு வலி தாங்காமல் அப்படிப் போனாள். போனவள் திரும்பி வந்து நிரையில் நிற்கிறாள்.

“என்னாடி ஆச்சு?” என்று கேட்டோம்.

“வெங்காயந்தான் வெந்துச்சு. காய்ச்சல் வரலடி” என்றாள்.

அன்றைக்கு மரத்துக்கு மரம் அதைச் சொல்லிச் சிரித்தோம். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண்பிள்ளை தன் இடுப்பு வலியைக் காட்ட வெங்காயத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அவள் வாய்ச் சொல் போதவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பால் எடுத்து முடித்து ஸ்டோருக்குக் காண்டா சுமந்து போகிறோம். வழியில் சின்ன மேடு. அதில் ஏறும்போது என் வலது கை, தோளிலிருந்து விரல் வரைக்கும், திடீரென்று இல்லாமல் போனது மாதிரி ஆகிவிட்டது. கம்பு சரிந்து ஒரு வாளி பால் செம்மண்ணில் கொட்டியது. நான் அப்படியே மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். உடம்பெல்லாம் வலி, அழுகை. தண்டல் ஓடி வந்தார். மண்ணைப் பார்த்தார். “பால் போச்சே, பால் போச்சே” என்று கத்தினார். என் கையை யாரும் பார்க்கவில்லை. கூட வந்த ஒருத்தி மட்டும் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு எழுந்து, மிச்சம் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். “முடியுமா?” என்று அவள் கேட்டாள். “முடியும்” என்றேன்.

அடுத்த தடவை கிளினிக்குக்கு மகன் கூட வந்தான். எனக்குப் பஸ் படி ஏற முடியாமல் போனதால் லீவு போட்டுவிட்டு வந்தான். உள்ளே புதிதாக ஒரு மலாய் டாக்டரம்மா, தலையில் தூடோங் துணி போட்ட சின்னப் பெண். என்ன செய்கிறது என்று மலாயில் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மகன் சொல்லிவிட்டான்.

“பியாசா லா டாக்டர். ஓராங் துவா.”

வழக்கமானதுதான், வயசான ஆள். எனக்குப் பதிலாக அவன் சொன்னான், நான் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் சொன்னான். ஆனால் இன்னொருத்தர் வாயில் கேட்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கை மேல் என் கையை வைத்தேன்.

“நீ சும்மா இரு.”

பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன். “டாக்டர், தாக் போலே தாஹான்.”

தாங்க முடியவில்லை. குரல் பெரிதாக வந்துவிட்டது. ஏதோ எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தார். கூச்சத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. தெரிந்த மலாயில், தெரியாத இடத்தில் தமிழைப் போட்டு, கழுத்திலிருந்து முட்டி வரைக்கும் சொன்னேன். நைட்டித் தையல், கரண்டி, திருவிழா, அதற்குப் பிறகு படுத்த வாரம் எல்லாம் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து கட்டை விரலால் என் தோளில் அழுத்தினாள். பெரிதாக ஒன்றும் அழுத்தவில்லை. நான் “அம்மா!” என்று அலறிவிட்டேன். முழங்கைக்குப் பக்கத்தில் அழுத்தினாள். இடுப்பில், முட்டியின் உள்பக்கத்தில். ஒவ்வொரு இடத்திலும் கத்தினேன். மகன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

“ஃபைப்ரோமயால்ஜியா கா, டாக்டர்?” என்று கேட்டேன். பேர் சரியாகத்தான் வந்தது.

அவள் புருவத்தைத் தூக்கினாள். “முங்கின்” என்றாள். இருக்கலாம்.

பிறகு நிதானமாகச் சொன்னாள், மகன் எனக்குத் தமிழில் சொன்னான். இருக்கலாம், ஆனால் இப்போதே அப்படித்தான் என்று சொல்ல முடியாது. தைராய்டு, மூட்டு நோய் என்று இதே மாதிரி வலி தருகிற வேறு நோய்கள் உண்டு, அவை இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும். அலோர் ஸ்டாரில் பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கென்று இருக்கிற டாக்டர் பார்க்க வேண்டும். இதுதான் என்று ஆனாலும் ஒரே மாத்திரையில் போகிற நோய் இல்லை. மருந்து, நல்ல தூக்கம், கொஞ்சம் கொஞ்சமாக நடை, இவற்றால் குறைக்கலாம். ஒரு நாள் நன்றாக இருக்கிறது என்று அன்றைக்கே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யக் கூடாது. உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் இது நீங்களாக மனதில் உண்டாக்கிக்கொண்டதும் இல்லை.

கடைசி வரியைச் சொல்லும்போது மகனின் குரல் கொஞ்சம் இறங்கியது.

அந்தப் பெண் இன்னொரு கேள்வியும் கேட்டாள். எப்போதிலிருந்து? நான் ரொம்ப நாளாக என்றேன். ரொம்ப நாள் என்றால் எத்தனை வருஷம்? எனக்குத் தெரியவில்லை. தொழிற்சாலையிலா, தோட்டத்திலேயா? யோசித்தேன், எல்லாம் கலந்து போனது. அலோர் ஸ்டாரிலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள், நினைத்துப் பார்த்து வையுங்கள் ஆன்ட்டி என்றாள்.

மகன் காடியில் கூட்டி வந்தான். சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் கேட்டான், “ஏம்மா இத்தன வருஷம் சொல்லல?”

இதற்குத்தான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபம் வந்தது. “சொன்னேன்டா. நாள் பாத்து வர்ற நோயான்னு கேட்ட.”

பச்சை விழுந்தது. பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். மகன் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஒரு ரொட்டிச் சானாய்க் கடை ஓரமாக நிறுத்தினான். “பசியாறுறீங்களாம்மா?” என்று மட்டும் கேட்டான். பசியாறினோம். ரொட்டியை அவனே பிய்த்து என் தட்டில் வைத்தான். அவன் அப்பாவும் இப்படித்தான், வாயால் ஒன்றும் வராது. எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் ரொட்டியைத் தின்றேன்.

அலோர் ஸ்டார் தேதி வந்தது. பார்த்தால் இந்த வருஷத் திருவிழா அன்றைக்கே. தள்ளிப் போட்டால் அடுத்தது எந்த மாதமோ. கோயில் தலைவர் போன் பண்ணினார். “என்னக்கா இது, நீங்க இல்லாம சாம்பாரா? ஆஸ்பத்திரிக்கு வேற தேதி வாங்க முடியாதா?” அத்தனை வருஷச் சாம்பாரில் ஒரு நாளாவது என்னைப் பார்த்து ‘அக்கா, கை வலிக்குதா?’ என்று கேட்டிருக்கிறாரா? முன்பு என்றால் சரி அண்ணே என்றிருப்பேன். “முடியாதுண்ணே” என்றேன். அவர் ஹலோ ஹலோ என்றார். கேட்கவில்லையோ என்று நினைத்து இன்னொரு தடவையும் சொன்னேன்.

நாத்தனார் நேரில் வந்தாள். “ஆத்தாளுக்கு மேல ஆஸ்பத்திரியா அண்ணி?”

“எனக்கு எங்க வலிக்குதுன்னு ஆத்தாளுக்குத் தெரியும். டாக்டருக்குத்தான் தெரியாது. அதனால அங்க போறேன். பூசணிக்காய நீ வெட்டு.”

அவளுக்குக் கோபம். இருக்கட்டும். சாம்பாருக்கு வேறு ஆள் கிடைப்பார்கள்.

பயமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். அந்தப் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, இது ஃபைப்ரோமயால்ஜியா இல்லை என்று சொல்லிவிட்டால்? ஒரு நோய் எனக்கு இருக்க வேண்டும் என்று நானே ஆசைப்படுகிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மருந்துக்காகக்கூட இல்லை. ஒரு பேர் இருந்தால் ‘ஒன்னும் இல்ல’ என்கிற சொல்லை இனி யாரும் என் மேல் போட முடியாது. நானும் போட்டுக்கொள்ள மாட்டேன். வேறு பேர் சொன்னாலும் சரி, வாங்கிக்கொண்டு வருவேன். பேரே இல்லை என்றால் மறுபடியும் போய் உட்காருவேன். தாக் போலே தாஹான் என்று சொல்ல இப்போது வாய் பழகிவிட்டது.

எப்போதிலிருந்து என்கிற கேள்விதான் பாக்கி. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். எழுதிப் பார்த்தால், அந்த மேட்டில் பால் கொட்டிய நாள்தான் எனக்கு எட்டுகிற முதல் நாள். ஆனால் அது மகன் பிறப்பதற்கு முன்பா, பின்பா? அன்றைக்கு மார்பில் பால் கட்டியிருந்த மாதிரி ஒரு நினைவு. அது வேறு நாளாகவும் இருக்கலாம். பின்பு என்றால் நாத்தனார் சொன்னது பாதி சரியாகிவிடும். அப்படியானாலும் காற்று என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். படுத்துக் கிடக்க வேண்டிய உடம்பை நிரைக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

என்னோடு அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் சிடாம் கிரியிலும் வேறு ஊர்களிலும் இருக்கிறீர்கள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தவள் உயிரோடு இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. யாருக்காவது அந்த நாள் நினைவிருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எனக்கு அப்போது கைப்பிள்ளை இருந்ததா? சரிந்தது வலது கைதானா, இடது கையா? நோயைப் பற்றி டாக்டரம்மா சொன்னதையும் மகன் சொல்லக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் படித்தால் அதையும் சரிபார்த்துச் சொல்லுங்கள், நான் அலோர் ஸ்டாருக்குப் போவதற்கு முன்னால்.